பனிக்கரடிக்குச் சளி பிடிக்காதா? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் சொல்லித்தருவது

ஊருணி_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்குநேரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து எடுக்கிறேன். மொத்தம் 23 பிள்ளைகள். குளிர்காலத்தை விலங்குகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று இந்த வாரம் ஆரம்பித்தேன். பனிக்கரடி, பென்குயின், வெள்ளை முயல், குகைக்குள் சுருண்டு கிடக்கிற கரடி என்று படங்கள் காட்டினேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், இம்புட்டுப் பனியில நிக்கே, கரடிக்குச் சளி பிடிக்காதா? எங்க ஆச்சி பனி எறங்குதுன்னு தலையில துண்டு கட்டித்தான் வெளிய விடுவா."

அவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல்போர் மேல் நிற்கிற ஈரம், வாய்க்கால் கரையில் புகை மாதிரி தெரிகிற மூட்டம். தமிழில் அதுவும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதும் பனி. உறைபனி என்று சொன்னால் ஊட்டிப் பிள்ளைக்குப் புரியும். இங்கே டிசம்பர் ராத்திரியிலும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இவர்கள் பார்த்த ஐஸ் எல்லாம் குச்சி ஐஸும் மீன்காரர் பெட்டிக்குள் இருப்பதும்தான்.

அவன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? வண்ணம் தீட்டுகிற தாள் வேண்டாம், கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

மானூர்_தம்பி:
தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஆறு வயசுப் பிள்ளைக்கு அலாஸ்காக் கரடி எதுக்கு? வீட்டுக்குப் பின்னால இருக்கிற ஓணானையும் அணிலையும் பற்றித் தெரியாது, பென்குயின் தெரியும். என் மகனே அப்படித்தான் இருக்கான். நம்ம ஊர்ல கஷ்டகாலம்னா அது கோடை. குளம் வத்துறதுதான் இங்க இருக்கிற உயிர்களுக்குச் சோதனை. அதைச் சொல்லிக் கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து.

பிசானம்:
டீச்சருக்கு வணக்கம். நான் விவசாயம். படிச்சது எட்டாப்பு வரைக்கும்தான். தம்பி கோடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, சொல்லுதேன்.

சித்திரை வைகாசியில குளம் வத்துனதும் வயலுக்குக் கரம்பை, அதான் குளத்து வண்டல் மண்ணு, அள்ளுவோம்லா. மேல மண்ணு பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்கும். ரெண்டடி தோண்டுனா உள்ள ஈரம் இருக்கும். எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும், மண்வெட்டில ஒரு கட்டியப் பெயத்தேன், உள்ள ஒரு தவளை. கால மடக்கி, கண்ண மூடி, ஒரு உருண்டை மாதிரி இருந்துச்சி. தொட்டேன், அசையல. செத்துப்போச்சின்னு கரையில தூக்கி வச்சேன். எங்க அய்யா பாத்துட்டு, "சாகலடா, அது மழைக்குக் காத்துக் கெடக்கு, வெயில்ல வச்சாத்தான் சாவும், திரும்ப மூடிப் போடு"ன்னாவ. குழியில வச்சி ஈரமண்ணப் போட்டு மூடினேன்.

நத்தையும் அப்படித்தான். வாய்க்கு ஒரு மூடி வச்சிருக்கும்லா, அத இறுக்கி அடைச்சிக்கிட்டு மண்ணுக்குள்ள மாசக்கணக்குல கெடக்கும். விரால் சகதிக்குள்ள கெடக்கும். ஐப்பசியில மொத மழை விழுந்த ராத்திரி தவளை போடுத சத்தத்துல ஊரு தூங்க முடியாது. இம்புட்டு நாளும் அதுக எங்க இருந்துச்சின்னு பிள்ளையள்ட்டயே கேளுங்க டீச்சர்.

ஓய்வு_வாத்தியார்:
அண்ணாச்சி சொன்ன தவளையைத் தலைவாசலாக வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். அதன் வழியாக நுழைந்தால் அலாஸ்கா வரைக்கும் போகலாம். ஆகவே தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கோடையில் ஆரம்பிப்பது சரி, அங்கேயே நிறுத்துவது சரியில்லை.

குளிர்காலம் என்றதும் நாம் குளிரைப் பற்றியே பேசுகிறோம். விலங்குக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் சாப்பாடு. புல் மூடிப்போகிறது, பூச்சி இல்லை, குளம் கெட்டியாகிவிடுகிறது. இங்கே சித்திரையில் குளம் வற்றுவதும் அங்கே ஜனவரியில் குளம் உறைவதும் ஒரு தவளைக்கு ஏறக்குறைய ஒரே சங்கதி. இருக்கிற கொஞ்ச பலத்தை வைத்துக்கொண்டு நல்ல காலம் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். முதல் கேள்வியாக "குளிருக்கு என்ன செய்யும்?" என்று கேட்பதைவிட "சாப்பாடும் தண்ணியும் இல்லாத மாசத்துல என்ன செய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்: வேற ஊருக்குப் போகும், தூங்கும், சேர்த்து வச்சுத் தின்னும். பாடம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் உறைந்து நிற்பதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கும். அம்மா வெயிலில் வைப்பாள், இளகும். பக்கத்திலேயே நல்லெண்ணெய்ப் பாட்டிலை வையுங்கள். அது உறையாது. ஏன் என்று இந்த வயதில் வேதியியல் வேண்டாம். "உங்க உடம்புக்குள்ள இருக்கிற கொழுப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி கட்டியாயிட்டா என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். துருவத்துப் பக்கம் ஒரு தரை அணில் இருக்கிறது. உறக்கத்தில் அதன் உடம்பின் சூடு சைபருக்கும் கீழே, கிட்டத்தட்ட மைனஸ் 3 டிகிரி வரை இறங்குகிறது. உறங்கப்போவதற்கு முன் இந்த மாதிரி அணில்கள் தின்கிற விதைகளில் இளகிய எண்ணெய் இருந்தால்தான் அவ்வளவு குளிரிலும் கொழுப்பு இறுகாமல் இருக்கும். அந்தக் கொழுப்புதான் ஆறேழு மாதத்துக்கு அதன் கட்டுச்சோறு.

கூந்தன்குளத்துக்காரன்:
மூன்று வழியில் "வேற ஊருக்குப் போகும்" என்பதைச் சொல்லித்தர நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை டீச்சர். நாங்குநேரியில் இருந்து எங்கள் ஊர் எட்டிப்பிடிக்கிற தூரம்.

ஒரு தவறை மட்டும் முதலிலேயே திருத்திவிடுகிறேன், ஏனென்றால் கூட்டிவருகிற பல ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூந்தன்குளத்தில் இருக்கிற பறவை எல்லாம் சைபீரியாவில் இருந்து வந்ததில்லை. மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கிற கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள். வடகிழக்கு மழைக்கும் கால்வாய்த் தண்ணீருக்கும் பிறகு குளம் நிறைகிறது, மீன் இருக்கிறது, குஞ்சு பொரிக்க வருகின்றன. பூநாரையும் குஜராத் கட்ச் பக்கம் குஞ்சு பொரிக்கிற பறவை. குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் வேறே: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், எல்லாரும் கேட்டு வருகிற வரித்தலை வாத்து.

வரித்தலை வாத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைத் தலை, பின்மண்டையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு. விபூதிப் பட்டையைக் கறுப்பில் போட்ட மாதிரி இருக்கும், பிள்ளைகள் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள். மங்கோலியாவிலும் திபெத்துப் பீடபூமியிலும் குஞ்சு பொரிக்கிறது. அங்கே ஏரி உறைந்து புல் மூடிப்போனதும் கிளம்பி இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எப்போதும் அவ்வளவு உயரத்தில் பறப்பதில்லை, முடிந்தவரை பள்ளத்தாக்கை ஒட்டித் தணிந்தே வரும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும் என்பதால் ராத்திரியிலும் விடியலிலும் மேலே ஏறும். இரண்டு மூன்று கிலோ எடைதான்.

மங்கோலியாவில் பிறந்த குஞ்சுக்குக் குளிர்காலம் என்றால் எங்கள் குளம். இதைச் சொன்னபோது ஒரு சின்னப் பிள்ளை "அப்ப நாமதான் அவங்களுக்குச் சொந்தக்காரங்க வீடா?" என்று கேட்டது. ஊர் 1994 முதல் பறவைகள் சரணாலயம், 2022இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது அரசு உத்தரவு போட்டு வந்த பழக்கம் இல்லை. வீட்டு முற்றத்து மரத்தில் கூடு இருக்கிறது, கீழே விழுகிற குஞ்சை எடுத்து வளர்க்கிற வீடுகள் இருக்கின்றன. அதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அம்பை_அக்கா:
எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். ஒன்பது வருஷமாகக் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறோம். இன்று காலை இங்கே மைனஸ் 27. சமையலறை ஜன்னலில் நின்று இதை எழுதுகிறேன்.

வெளியே ஒரு குருவி. கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி தலை. நம் சிட்டுக்குருவியில் பாதி எடைதான் இருக்கும், பன்னிரண்டு பதின்மூன்று கிராம். இந்தக் குளிரில் அது எங்கும் போகவில்லை. இறகைச் சிலிர்த்து ஒரு பஞ்சுருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. ராத்திரியில் தன் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரிக்கும் மேல் குறைத்துக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை மிச்சம் பிடிக்கும். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு விதையாக ஆயிரக்கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறது, மரப்பட்டை இடுக்கில் ஒன்று, பாசிக்குள் ஒன்று. வைத்த இடம் நினைவிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஆச்சி குலுக்கையில் நெல் போட்டு வைத்தது ஞாபகம் வரும்.

தம்பி கேட்ட "அலாஸ்காக் கரடி எதுக்கு?" என்பதற்கு என் பதில் இது. என் மகள் இங்கே பிறந்தவள். அவளுக்குப் பனி தெரியும், குளம் வற்றுவது தெரியாது. போன கோடைக்கு ஊருக்கு வந்தபோது வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்த்து "மீன் எல்லாம் செத்துப்போச்சா?" என்று அழுதாள். அவளுக்கு நம் விராலைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? அதே மாதிரி நாங்குநேரிப் பிள்ளைக்கு இந்தக் குருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இங்கே ஏரி மேலே உறைந்து, லாரி போகிற அளவுக்குக் கெட்டியாகிவிடும். அடியில் மீன் உயிரோடு இருக்கும். ஐஸ் மிதக்கும், நாலு டிகிரித் தண்ணீர்தான் கனமானது, அது அடியில் தங்கிவிடும். டம்ளரில் ஐஸ் கட்டி போட்டுக் காட்டினாலே போதும்: மிதக்கிறது பார், அது கூரை, கீழே மீன்.

ஊருணி_டீச்சர்:
அக்கா, அந்தக் குருவியை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? எல்லாருக்கும் நன்றி.

நேற்று அண்ணாச்சி சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். "சித்திரையில் தவளை எங்கே போச்சு?" இருபது பதில் வந்தது. "கேரளாவுக்கு", "ஆத்துக்கு", "பாம்பு தின்னுட்டு." ஒரு பெண்பிள்ளை மட்டும், "மண்ணுக்குள்ள இருக்கும். எங்க தாத்தா காட்டிச்சி" என்றாள். பிறகு பிசான நெல் வயலில் இருந்து ஒரு நத்தையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை அடைத்தது. "கதவைச் சாத்திட்டு!" என்று ஒரே கத்தல். கோடை முழுக்க இப்படிச் சாத்திக்கொண்டு இருக்கும் என்றதும் அமைதியாகிவிட்டார்கள். (எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். நத்தையை மதியமே வயலில் விட்டாயிற்று.)

இப்போது புதுச் சிக்கல். குகைக்குள் சுருண்டு கிடக்கிற கரடி ஐந்தாறு மாதம் எழுந்திருக்காது என்றேன். கேள்வி: "அப்ப மூச்சா எங்க போகும்?" எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வு_வாத்தியார்:
நல்ல கேள்வி, ஆராய்ச்சிக்காரர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். போவதே இல்லை. ஐந்தாறு மாதம் தின்னாது, குடிக்காது, ஒன்றுக்கு இரண்டுக்கு எதுவும் கிடையாது. நமக்குச் சிறுநீரில் போக வேண்டிய யூரியா என்ற கழிவு உடம்பில் தங்கினால் ஆபத்து. கரடி அந்த யூரியாவில் இருக்கிற நைட்ரஜனைத் திரும்ப எடுத்துப் புரதமாக்கிக்கொள்கிறது. அதனால் அத்தனை மாதம் படுத்தும் தசை பெரிதாகக் கரைவதில்லை. பிள்ளைகளுக்கு "குப்பையைத் திரும்பச் சாப்பாடாக்கிக்கும்" என்று சொன்னால் போதும்.

தூக்கம் என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். நாம் தூங்குவது வேறு, இது வேறு. கரடியின் உடம்புச் சூடு சில டிகிரிதான் குறையும், ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும். பெண்கரடி அந்தக் குகைக்குள்ளேயே ஜனவரி வாக்கில் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கும். தரை அணில் வேறு ரகம், தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். ஆனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கியே உடம்பைச் சூடாக்கிச் சில மணி நேரம் விழித்திருந்து மறுபடி அடங்கும்.

இதற்கு ஒரு விளையாட்டு. பிள்ளைகளை நெஞ்சில் கை வைத்து ஓடிவிட்டு வந்து எண்ணச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் நூறுக்கு மேல் வரும். பிறகு எல்லாரும் தரையில் படுத்துக் கரடியாகட்டும். நீங்கள் நாலைந்து விநாடிக்கு ஒரு தட்டு மேசையில் தட்டுங்கள். கரடியின் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும், சிலநேரம் இருபது விநாடிகூட இடைவெளி விடும். அந்த இடைவெளி பிள்ளைகளுக்கு ரொம்ப நீளமாகத் தெரியும்.

இன்னொரு சோதனை. "தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும்" என்று நம் ஆச்சிமார் சொல்வார்கள் இல்லையா? தண்ணீர் உறைந்தால் பருக்கும், எதையும் பிளக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மூடி பிரீசரில் வையுங்கள். மறுநாள் வீங்கிப் போயிருக்கும், வெடித்தும் இருக்கலாம். உடம்பு முழுக்கத் தண்ணீராக இருக்கிற தவளை உறைந்தால் இதே கதிதான். ஆனால் கனடா, அலாஸ்காக் காடுகளில் ஒரு சின்னத் தவளை இருக்கிறது. சருகுக்கு அடியில் கிடந்து அதன் உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஐஸாகிவிடும். நெஞ்சுத் துடிப்பு நின்றுவிடும், மூச்சு இருக்காது. வசந்தத்தில் இளகித் துள்ளிப் போகும். ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது, அந்தச் சர்க்கரை செல்லுக்குள் இருப்பதை உறையவிடாமல் காக்கிறது. இதைக் காட்ட, ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் கெட்டியான கருப்பட்டிப் பாகு, இரண்டையும் ஒரு ராத்திரி பிரீசரில் வையுங்கள். தண்ணீர் கல்லாகும், பாகில் விரல் இறங்கும். பிறகு நக்கவும் செய்யலாம்.

மானூர்_தம்பி:
அக்கா எழுதினதை என் மகனுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அந்தக் குருவிக்கு நாம அரிசி அனுப்பலாமா?"ங்கான். சரி, நான் சொன்னதை மாத்திக்கிறேன்.

டீச்சர், எங்க சித்தப்பா மீன் வண்டி ஓட்டுறாவ. தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் தரச் சொல்றேன். ரெண்டு பிளாஸ்டிக் பைக்கு நடுவுல டால்டாவை அப்பி, கையை உள்ளவிட்டு ஐஸ் தண்ணியில முக்கச் சொல்லுங்க. இன்னொரு கை சும்மா. எந்தக் கையை முதல்ல எடுக்காங்கன்னு பாருங்க. சளி பிடிக்காதான்னு கேட்ட பையனுக்கு அதுதான் பதில், கரடிக்குத் தோலுக்கு அடியிலயே துண்டு கட்டியிருக்கு.

தாமிரபரணி_நடை:
நடுவில் ஒரு எச்சரிக்கை, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மண்ணுக்குள் உறங்குகிற உயிர்கள் என்றதும் பிள்ளைகள் தோண்டக் கிளம்பிவிடுவார்கள். கோடையில் பால் ஆமையும் காய்ந்த குளத்து மண்ணுக்குள் கிடக்கும். அதை எடுத்து வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. உறங்குகிற பிராணியை எழுப்பினால் அது சேர்த்து வைத்த பலம் வீணாகும், மழை வரும்வரை தாங்காமலும் போகலாம். பிசானம் அண்ணாச்சியின் அய்யா திரும்ப மூடச் சொன்னாரே, அந்தப் பகுதியைக் கண்டிப்பாகச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களை ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் வேடிக்கை பார்க்கவாவது அழைத்துவாருங்கள். 2011 முதல் வருஷந்தோறும் நடக்கிறது.

ஊருணி_டீச்சர்:
தாமதமாக எழுதுகிறேன், மூன்று நாள் இதிலேயே போய்விட்டது.

டால்டாக் கை வேலை செய்தது. சளி கேட்ட பையன் சும்மா இருந்த கையைப் பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டான், மற்றக் கையை எடுக்கவே மாட்டேன் என்றான். பாகு மீதி இல்லை. கரடி விளையாட்டில் நான் மேசையில் தட்டுகிற இடைவெளியில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. 23 பேர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தட்டுக்குக் காத்துக் கிடந்தார்கள். இவர்கள் இப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியில் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன். போகிறவர்கள், உறங்குகிறவர்கள், இருந்து தாங்குகிறவர்கள். படத்தை எடுத்து அந்தந்த வட்டத்தில் வைக்க வேண்டும். வரித்தலை வாத்து போகிற வட்டத்துக்குப் போனது. தவளையும் கரடியும் உறங்குகிற வட்டத்துக்கு. அக்காவின் குருவி இருந்து தாங்குகிற வட்டத்துக்கு.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் சிலேட்டில் மீசை வைத்த ஆள் ஒருவரை வரைந்து கொண்டுவந்து போகிறவர்கள் வட்டத்தில் வைத்தாள். யார் என்று கேட்டேன். "எங்க அப்பா. பம்பாய்ல இருக்காவ. போன வருசம் கெணத்துல தண்ணி இல்லன்னு போனாவ." பிறகு என்னிடம் கேட்டாள், "வாத்து மழை வந்ததும் வரும்லா டீச்சர்?" பனி உருகினதும் தன் ஊருக்குத் திரும்பிவிடும் என்றேன். அந்தச் சிலேட்டை அழிக்க எனக்கு மனம் வரவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கூந்தன்குளத்து அண்ணாச்சி, வருகிற சனிக்கிழமை 23 பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். எத்தனை மணிக்கு வந்தால் வரித்தலை வாத்து தெரியும்?

கூந்தன்குளத்துக்காரன்:
ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் வாத்து நடுக்குளத்துக்குப் போய்விடும், காலையில்தான் கரையோரப் புல்லில் மேயும். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். குளத்துக் கரையில் பனி மூட்டம் இருக்கும், அந்தப் பையன் தலையில் துண்டு கட்டிக்கொண்டே வரட்டும். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது. சிலேட்டில் அப்பாவை வரைந்த பிள்ளையை முதலில் நிற்க வையுங்கள்.